கர்டிஸ் நிழலைப் பார்த்ததா

கர்டிஸ் எழவில்லை. டெரெக் அதன் மூக்கருகே ஆப்பிள் துண்டைக் காட்டினான், வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினான், கடைசியில் கெஞ்சினான். அணிலுக்கும் பெருச்சாளிக்கும் பிறந்ததுபோல் இருக்கும் அந்தக் கிரவுண்ட்ஹாக் குறட்டையை நிறுத்தவில்லை.

பிப்ரவரி இரண்டு. வெளியே மைனஸ் இருபத்தேழு என்பதால் விழா நூலகக் கூடத்தில். வருஷாவருஷம் அன்று ஊருக்குக் குறி சொல்வது கர்டிஸ்தான்: தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம் வரும். தனக்கு வசந்தம்தான் வேண்டும் என்று மேயர் ஷெரில் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வந்தால் டெரெக்கின் தற்காலிக நூலக வேலை நிரந்தரமாகும். இது அவனுக்கு முதல் விழா.

கர்டிஸுக்கு ஜலதோஷம் என்று மேயரிடம் சொல்லிவிட்டான். போன வாரம் குழந்தைகளுக்குக் கைநிழல் உருவங்கள் சொல்லிக்கொடுத்த வெள்ளைத் துணியும் விளக்கும் கூடத்தில் அப்படியே இருந்தன. கர்டிஸுக்குப் பதிலாக விளக்கின் முன் இடது கையை முஷ்டியாக்கி, வலது கையை அதன்மேல் கவிழ்த்து, இரண்டு விரல் நுனிகளைக் காதாக்கினான். துணியில் கொழுகொழுவென்று கர்டிஸ் எட்டிப் பார்த்தது. இடப்பக்கம் முகர்ந்தது, வலப்பக்கம் முகர்ந்தது. கூடமே கைதட்டியது.

"நிழலே இல்ல. வசந்தம் வந்தாச்சு," என்று மேயர் அறிவித்தார்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். "அதுவே நிழல்தானே?"

கைதட்டல் நின்றது. நிழலை மங்கவைக்க நினைத்த டெரெக், முழங்கையால் இன்னொரு விளக்கைப் போட்டான். இப்போது இரண்டு கர்டிஸ்கள். பின்னால் நின்றது முன்னால் நின்றதை உற்றுப் பார்த்தது.

"அப்போ பன்னெண்டு வாரமா?" என்றார் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர். கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் சந்தோஷம்.

வசந்தத்தில் ஊர் திரும்பும் வாத்தைக் காட்டினால் சரியாகிவிடும் என்று டெரெக் வலது கையை விடுவித்து அலகாக்கினான். பதற்றத்தில் அலகு முஷ்டியைக் கவ்வியது. துணியில் இரண்டு வாத்துகள் இரண்டு கர்டிஸ்களை விழுங்கின. சிறுமி அழ ஆரம்பித்தாள். அந்த வேலைக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மேயர் கோட்டை மாட்டிக்கொண்டார்.

பின்னறையில் லாய்ட் டோனட் தின்றுகொண்டிருந்தார். கர்டிஸை வளர்ப்பவர், கார் உறைந்துபோனதால் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். டெரெக் எல்லாவற்றையும் சொன்னான். எழுப்பவே முடியவில்லை என்றான்.

லாய்ட் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கினார்.

"அதை ஏம்பா எழுப்பப் பாத்தே? வருஷாவருஷம் தூங்கத் தூங்கத்தான் தூக்கிட்டுப் போய்க் காட்டுவோம். கண்ணைத் திறந்தாதானே நிழல் தெரியும்?"