ஒன்பது அடுப்பு வீட்டுக்கு வந்த விசா விசாரணை

கச்சிதமான ஆள் செய்கிற முட்டாள்தனமும் கச்சிதமாகவே இருக்கும். நான் கச்சிதமான ஆள். சட்டைப் பொத்தான் அறுந்த தேதியைக்கூட டைரியில் குறித்துவைப்பவன். ஆகவே இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும், நான் சொல்வதுதான் சரியான கதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், எனக்கு நாற்பத்தெட்டு வயதில், பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதி முடித்துவிட்டு, திருமயத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கம், சம்பாதிப்பது அக்கரையில், ஓய்வு இக்கரையில். நான் ஓய்வையும் அக்கரையிலேயே எடுப்பதென்று முடிவு செய்தேன். (முடிவு செய்தவள் என் மனைவி வள்ளியம்மை. நான் ஆமோதித்தேன்.)

"கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசம். மூணு வருசம் கப்பலுக்கு அங்கிட்டு, ஆறு மாசம் இங்கிட்டு. நாம ஒண்ணா இருந்ததக் கூட்டிப் பாருங்க, நாலு வருசம் தேறாது" என்றாள் அவள். "மகளையும் கட்டிக் குடுத்தாச்சு. மிச்சத்தையாவது நாம ரெண்டு பேரும் தனியா இருப்போம். கடல் தெரியுற மாதிரி ஒரு சின்ன வீடு போதும்."

கூட்டிப் பார்த்தேன். மூன்றரைதான் வந்தது. (அதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

அப்போது மலேயாவுக்குப் போக மூன்று வழிகள் இருப்பதாக விசாரித்து அறிந்தேன். கடை முதலாளி எழுதிக்கொடுத்தால் வேலைக்காரனாகப் போகலாம். ஆனால் மறுபடி கணக்கெழுத வேண்டும். உறவினரைப் பார்க்கப் போகிறவனாக ஆறு மாதப் பாஸில் போகலாம். ஆனால் முடிந்ததும் திரும்ப வேண்டும். மூன்றாவது, சொந்த வருமானத்தில் நெடுங்காலம் தங்கும் அனுமதி. அதற்கு வருமானத்தைக் காட்ட வேண்டும், குடும்பத்தில் யாரையும் ஆதரவில்லாமல் விட்டுப் போகவில்லை என்றும் காட்ட வேண்டும். எனக்கென்றே செய்துவைத்த அனுமதி என்று நினைத்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு "இருவர்" என்று எழுதினேன். சார்ந்திருப்போர் என்ற இடத்தில் "இல்லை".

இரண்டும் சத்தியமான பதில்கள். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

எங்கள் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் ஓர் அறையும் ஓர் அடுப்பும் கொடுத்து 'வேறு வைத்து'விடுவார்கள். வாசல் ஒன்று, கூடம் ஒன்று, உலை மட்டும் வேறு. அரிசி, பருப்பு, செலவு எல்லாம் அவரவர் பாடு. எங்கள் வீட்டில் அப்போது ஒன்பது அடுப்புகள். என்னைப் பெற்ற ஆத்தாவுக்கும் தனி அடுப்புதான். அப்பச்சி (என் தகப்பனார்) காலமான பிறகும் ஆத்தா அதை அணைக்கவில்லை. அவருக்கென்று வயல் இருந்தது, வரும்படி இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வைராக்கியம் இருந்தது.

இது எங்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸேறி என் மனுவை விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தெரியாது. அவர் எந்தப் பக்கத்து ஆளோ, நல்ல மனிதர். கூடத்தில் நாற்காலி போட்டு, எலுமிச்சைச் சாறு கொடுத்து உட்காரவைத்தேன்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேர்."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் ஒரு பட்டாளமாக ஓடிவந்து அவருடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள்.

"இவங்கள்லாம்?"

"என் தம்பிமார் வீட்டுப் பிள்ளைகள்."

"தம்பிங்க வீடு எங்க இருக்கு?"

"இங்கதான்."

தூணோரம் நின்ற பெரிய தம்பி, "நாங்க ஆறு பேரு சார்" என்றான். மாடிப்படியிலிருந்து சித்தப்பா மகன், "நாங்க நாலு" என்றான்.

"மொத்தமா எத்தனை பேருங்க?"

"மொத்தமா யாரும் எண்ணுறதில்லீங்க" என்றேன்.

"அண்ணே எண்ணாம விட்ட ஒரே சங்கதி இதுதான் சார்" என்றான் தம்பி.

அதிகாரி சிரித்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது ஆத்தா கையில் ஓர் ஆழாக்குத் துவரம்பருப்போடு வந்தார்.

"நேத்து ஒங்க அடுப்புல வாங்குன பருப்பு. சரியா இருக்கான்னு பாத்துக்க."

அடுப்புக்கு அடுப்பு கைமாற்று வாங்குவதும், மறுநாள் அதே அளவில் திருப்புவதும் எங்கள் வீட்டு மரியாதை. வாங்கினால் மட்டம் பார்க்க வேண்டும்; பார்க்காமல் வைத்தால், குறைந்தாலும் போகட்டும் என்று கொடுத்தவர்மேல் இரக்கப்படுகிறோம் என்று அர்த்தம். நான் ஆழாக்கை வாங்கி, விரலால் வழித்து, மட்டம் பார்த்து, "சரியா இருக்கு ஆத்தா" என்றேன்.

அதிகாரியின் பேனா நின்றது.

"இவங்க யாருங்க?"

"என் தாயார்."

"ஒங்க அம்மாவுக்கு நீங்க சோறு போடுறதில்லீங்களா?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன், "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று மழுப்பியிருப்பான். நானோ தகவலில் பிழை வந்துவிடக் கூடாதே என்று பதறினேன்.

"கிடையாதுங்க. வேறு வச்ச நாள்லேர்ந்து ஒரு வேளைகூடப் போட்டதில்லை" என்றேன், நிமிர்ந்து. "தீபாவளிக்குப் பலகாரம் மட்டும் மாத்திக்குவோம்."

அவர் ஆத்தாவைப் பரிதாபமாகப் பார்த்தார். பரிதாபம் ஆத்தாவுக்கு ஆகாது.

"எழுதிக்கிருங்க தம்பி. எனக்கு எவனும் சோறு போடல. போட நான் விட்டதுமில்ல" என்றார் ஆத்தா.

அதிகாரி முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். எலுமிச்சைச் சாற்றை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்.

சில வாரங்களில் பதில் வந்தது. முதிய தாயாரைப் பராமரிக்காமல் நாட்டைவிட்டுப் போக முயல்கிறவன் என்பதால் நெடுங்கால அனுமதி இல்லை. வள்ளியம்மை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடல் போனது ஒரு விரல் வழிப்பில்.

புதுக்கோட்டையில் மனு எழுதிக்கொடுக்கும் ஒருவரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இதுக்கா வருத்தப்படுறீங்க? அம்மாவச் சார்ந்திருப்பவர்னு காட்டுங்க. மாசாமாசம் பணம் அனுப்புறேன்னு ஒரு வரி போடுங்க. கெடச்சிரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவேயில்லை.

"நான் ஒன்னையச் சார்ந்திருக்கேனா?"

"காகிதத்துக்குத்தான் ஆத்தா."

"காகிதத்துலயும் வேணாம். எழுதுனா இந்தக் கூடத்துல காலு வைக்காத."

இனி வழக்குத் தீர்க்க வேண்டியவள் வள்ளியம்மை. நான் எழுதினால் அவளுக்குக் கடல். எழுதாவிட்டால் இந்த ஒன்பது அடுப்புப் புகை. அவள் சொன்னாள்:

"அயித்தையக் கொறச்சு எழுதி வாங்குற வீடு எனக்கு வேணாம். அந்த ஆறு மாசப் பாஸ வாங்குங்க. ஆறு மாசம்னா ஆறு மாசம்."

வாங்கினேன். போனோம். முடிந்ததும் திரும்பினோம். மறுவருஷம் மறுபடி வாங்கினோம். ஒரு சொல்லை மாற்றினால் நெடுங்கால அனுமதி கிடைக்கும் என்று இன்றும் பலர் புத்தி சொல்கிறார்கள். மாற்றவில்லை. ஒவ்வொரு மனுவிலும் சார்ந்திருப்போர் என்ற அதே இடத்தில் "இல்லை" என்றே எழுதுகிறேன், முன்னைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

நாங்கள் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தம்பி கூடத்தில் நின்று, அந்த அதிகாரியின் குரலில், "ஒங்க அம்மாவுக்குச் சோறு போட்டாச்சுங்களா?" என்பான். ஒன்பது அடுப்படியிலிருந்தும் சிரிப்பு வரும். போன தடவை ஆத்தாவே வந்து பதில் சொன்னார்.

"இந்த வருசம் என் பேருல ஒரு மனு எழுது. நானும் அந்தக் கடலப் பாக்கணும். சார்ந்திருக்கவுக யாருன்னு கேட்டா, ஒன் பேரையும் வள்ளியம்மை பேரையும் போடு."

போட்டு அனுப்பியிருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் யாரும் வரவில்லை.