முப்பத்தெட்டு பேருக்கும் மூன்று மார்க்

அடுத்தவர் விடையைத் திருத்தும்போது எனக்கு வருகிற அறிவு, நானே விடை எழுதும்போது மட்டும் எங்கேயோ போய்விடும்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக் கம்ப்யூட்டர் வாத்தியார் நான். ஒரு வருடம், பிராக்டிகல் தேர்வைக் கையால் திருத்துவது கேவலம் என்று தோன்றிவிட்டது. பிள்ளைகளின் புரோகிராமைத் தானே ஓட்டிப் பார்த்து மார்க் போடும் ஒரு புரோகிராம் எழுதினேன். (யார் கேட்டா?) கேள்வி சுலபம்: கொடுத்த எண்களில் பெரியதைக் கண்டுபிடி. பிள்ளைகளை மடக்குவதற்காகப் பெரும்பாலும் மைனஸ் எண்களாகவே கொடுத்தேன்.

முப்பத்தெட்டு பேருக்கும் இருபதுக்கு மூன்று!

நான் பதறவில்லை. பெருமைப்பட்டேன். அவ்வளவு கஷ்டமான கேள்வியாம்! உடனே பெற்றோர்களை வரச்சொல்லி, பட்டியலைச் சுவரில் ஒட்டினேன்.

ஸ்டெல்லாவின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். பட்டியலைப் பார்த்துவிட்டு மகளிடம், "பத்து முடிச்சு பியுசில கம்ப்யூட்டர் எல்லாம் பேடாம்மா, வேணாம். காமர்ஸ் எடு, போதும்" என்றார்.

"கரெக்ட்டுண்ணா, இது எல்லாருக்கும் வராது" என்று நானும் ஒத்து ஊதினேன்.

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பட்டியலை விட்டு நகரவில்லை.

"சார், பிரகாஷ் அன்னிக்கு அம்மை போட்டு வீட்ல இருந்தான். பரீட்சையே எழுதல. அவனுக்கு எப்படி சார் மூணு?"

(அப்பவே நான் மயங்கி விழுந்திருக்கலாம்.)

எல்லோரும் பார்க்க என் புரோகிராமைத் திறந்தேன். பிள்ளைகளின் ஃபைலை எடுக்க வேண்டிய இடத்தில், ஒத்திகைக்கு நான் வைத்த என் சொந்த விடை ஃபைலின் பெயரே இருந்தது. முப்பத்தெட்டு தடவையும் அது திருத்தியது என்னைத்தான்.

"அப்ப அந்த மூணு மார்க்கு யாருது?" என்றார் ஸ்டெல்லாவின் அப்பா.

"என்னுதுண்ணா."

ஸ்டெல்லா என் விடையை எட்டிப் பார்த்தாள். "சார், பெரிய நம்பர் ஜீரோன்னு வச்சு ஆரம்பிச்சிட்டீங்க. எல்லாமே மைனஸா வந்தா ஜீரோதானே ஜெயிக்கும்?"

அவள் அப்பா என் தோளில் கைவைத்து, "நீங்க காமர்ஸ் எடுங்க சார்" என்றார்.

ஃபைல் பெயரைச் சரிசெய்து அங்கேயே மறுபடி ஓட்டினோம். ஸ்டெல்லாவுக்கு இருபது! "இது அவளுதுதானே? உங்களுது இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அவர் சிரித்தார். அவளும் கம்ப்யூட்டரே எடுத்தாள்.

இப்போது அவள் அதே துறையில் வேலை பார்க்கிறாள். என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கோடு வந்துவிடுவாள். எனக்கு ஐம்பத்திரண்டு முடிந்துவிட்டது. கேக்கின் மேல் அவளும் என் மனைவியும் சேர்ந்து ஏற்றும் மெழுகுவர்த்தி மட்டும் எந்த வருடமும் மாறுவதில்லை: மூன்று.