மேனேஜருக்குக் கொடுத்த இருமல் மருந்து

நான் ஒரு நாயைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறேன். அதன்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. நல்லது செய்யத்தான் போனேன். இதை மறைத்தும் பயனில்லை. என் மனைவியின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. நாய்க்கு மருந்து கொடுத்த மாப்பிள்ளை என்று சொன்னால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. டி.ஃபார்ம் முடித்து, நல்லம்பள்ளியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்யாணமாகி நான்கு மாதம். மாமனார் ஊர் பென்னாகரத்தைத் தாண்டி, காட்டை ஒட்டி இருக்கிறது. அந்த ஊரைப் பொறுத்தவரை மருந்துக் கடையில் நிற்கிறவனும் டாக்டர்தான். நான் போய் இறங்கியதும் நாலு பேர் நாக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் பார்ப்பேன். (பார்த்து என்ன தெரிந்தது என்று கேட்காதீர்கள். நாக்கு தெரிந்தது.) "அது இல்லீங்க, எனக்கு அவ்வளவு படிப்பு இல்லீங்க" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'டாக்டர் மாப்ள' என்று கூப்பிடும்போது காதுக்கு இதமாக இருந்தது.

மாமாவுக்கு ராகி, கடலைக்காய் வெள்ளாமை. அதோடு முப்பது ஆடுகள். ஆடுகளுக்குக் காவல் ஒரு செவலை நாய். அதன் பெயர் மேனேஜர். குட்டியாக இருந்தபோது, எல்லோரும் களை பறித்துக்கொண்டிருக்க, அது மட்டும் நிழலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டே இருந்ததாம். என் கொழுந்தியா பிரியா வைத்த பெயர் அது. வளர்ந்த பிறகு அது உண்மையாகவே உழைக்க ஆரம்பித்துவிட்டது, பெயரைத்தான் மாற்ற முடியவில்லை. ஒருமுறை பட்டிக்குள் புகுந்த காட்டுப்பன்றியைத் தனியாக விரட்டியதில் அதற்கு ஒரு காது பாதிதான் மிச்சம். மாமா அதிகம் பேசாதவர். பேசுகிற கொஞ்சத்தில் பாதி மேனேஜரிடம்தான்.

நாங்கள் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மேனேஜர் இருமிக்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, மனிதர் மாதிரியே இருமியது.

"ரெண்டு நாளா இப்பிடித்தான் இருமிக்கிட்டுக் கெடக்குது மாப்ள" என்றார் மாமா. "சோறு திங்குது, ஆட்டோட போவுது. இருமலு மட்டும் நிக்க மாட்டேங்குது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட ஓட்டிக்கிட்டுப் போலாமான்னு பாக்கறேன்."

அவர் அதோடு நிறுத்தியிருப்பார். நான்தான் விடவில்லை.

"இதுக்கெதுக்கு மாமா அவ்வளவு தூரம்? சாதாரண இருமல். நான் பாத்துக்கறேன்."

என் மனைவி ரேவதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அது நாயிங்க."

"நாய்க்கும் தொண்டை ஒண்ணுதானே?" என்றேன். என் படிப்பிலிருந்து அந்த வீட்டுக்கு நான் அளித்த முதல் தகவல் அது.

"எதுக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கலாமே?"

அந்த யோசனையை நான் கையாலேயே ஒதுக்கினேன். ஈ ஓட்டுகிற மாதிரி. அந்தக் கையசைப்பு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ரேவதிக்கு இன்னும் நன்றாக.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை நிறைய மருந்து கொண்டுபோவது என் வழக்கம். அதில் இருமல் மருந்து இரண்டு வகை இருந்தது. நாய்க்கு இனிப்பு ஆகாது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு, சர்க்கரை நோயாளிகளுக்கான, சர்க்கரை சேர்க்காத பாட்டிலை எடுத்தேன். பிறகு தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். நாயின் எடை இருபது கிலோ இருக்கும். இருபது கிலோ என்றால் ஆறு வயதுக் குழந்தை. ஆனால் இது காட்டுப்பன்றியை விரட்டிய நாய். ஆறு வயதுக் குழந்தை காட்டுப்பன்றியை விரட்டுமா? விரட்டாது. எனவே பெரியவர்களுக்கான அளவே பொருந்தும். பத்து மில்லி.

மாமா நாயின் வாயைப் பிடித்துக்கொள்ள, நான் ஊற்றினேன். மேனேஜர் தலையை உதறியது. பாதி என் சட்டையில் விழுந்தது. (எனக்கு அப்படித்தான் தோன்றியது.) ஈடுகட்ட இன்னொரு பத்து மில்லி ஊற்றினேன். அதை முழுதாக விழுங்கிவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டது. "பாத்தீங்களா மாமா, அதுக்கே புடிச்சிருக்கு" என்று ஒரு மூடி போனஸும் கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் இருமல் நின்றுவிட்டது. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அதன்பிறகு மேனேஜர் சுவரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. வெள்ளையடித்த வெறும் சுவர். பிறகு பட்டிப் பக்கம் போனது. அங்கே ஓர் ஆட்டுக்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்ததும், வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தது. ஐந்து வருடமாக அது காவல் காக்கும் ஆடுகள் அவை.

பிரியா சிரித்தாள். "மேனேஜர் லீவ் லெட்டர் குடுக்கப் போவுது மாமா" என்று என்னிடம் சொன்னாள். நானும் சிரித்து, "மருந்து வேலை செய்யுது, கொஞ்சம் மயக்கமா இருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அதற்குப் பின்னங்கால்கள் தள்ளாடின. தண்ணீர்த் தொட்டிவரை போய், குடிக்காமல், பக்கத்திலேயே சரிந்து விழுந்தது. கண் திறந்தே இருந்தது. கருவிழி முழுக்க விரிந்து, யாரையும் பார்க்கவில்லை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பிரியாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா ஓடிவந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "மேனேஜரு... டேய்... என்னாடா பண்ணுது?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு மினி லாரியில் ஏறினோம். பின்னால் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே மாமா நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, எதிரே நான். பிரியாவோடு முன்னால் ஏறும்போது ரேவதி மருந்து பாட்டிலை என் கையில் திணித்தாள். "இத எடுத்துக்கிட்டு வாங்க, கேப்பாங்க" என்றாள். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் மருத்துவ அறிவோடு நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான்.

நல்லவேளையாகக் கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா இருந்தார். ஒரு கன்றுக்குட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர், மேனேஜரைப் பார்த்ததும் நேராக மேஜைக்கு வந்தார்.

"என்ன சாப்பிட்டுச்சு?"

"இருமல் மருந்துங்க" என்றேன்.

"யார் குடுத்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரியாதான் வாயைத் திறந்தாள். "எங்க மாமாதாங்க மேடம். மெடிக்கல்ல வேல செய்யறாரு."

"மெடிக்கல்லயா?" என்று கேட்டார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு இன்னொரு முறை, "மெடிக்கல்லயா?" என்றார்.

பாட்டிலை வாங்கி, பொடி எழுத்தைப் படித்தார். "இதுல இருமலை அடக்கறது ஒண்ணு, மூக்கடைப்புக்கு ஒண்ணு. ரெண்டும் சேந்து நாய்க்கு இதயத்துடிப்ப ஏத்திவிடும், புத்திய குழப்பிவிடும். எவ்வளவு குடுத்தீங்க?"

போனஸையும் சேர்த்துச் சொன்னேன்.

"சக்கரை இல்லாத மருந்தா வேற பாத்துக் குடுத்திருக்கீங்க. ஏன்?"

"நாய்க்கு இனிப்பு ஆகாதுன்னு..."

டாக்டரம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். "சக்கரைக்குப் பதிலா சில மருந்துல சைலிட்டால்னு ஒண்ணு போடுவாங்க. நமக்கு ஒண்ணும் பண்ணாது. நாய்க்கு ரத்தத்துல சக்கரைய அப்படியே கீழ இறக்கிடும். ஈரலும் போயிடும். இதுல என்ன போட்டிருக்காங்கன்னு தெளிவா இல்ல. இருக்குன்னு நெனச்சுத்தான் பாக்கணும்." பேசிக்கொண்டே காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது.

"வாந்தி எடுக்க வெச்சிடலாங்களா?" என்று கேட்டேன். இன்னும் எனக்கு யோசனை சொல்லும் தைரியம் இருந்திருக்கிறது பாருங்கள்.

"நெனவில்லாம கெடக்கறதுக்கு வாந்தி எடுக்க வெச்சா நுரையீரலுக்குள்ள போயிடும். நீங்க இதப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்" என்று குளுக்கோஸ் பாட்டிலைக் கொடுத்தார். ஸ்டாண்டில் கன்றுக்குட்டியின் பாட்டில் தொங்கியதால் மேனேஜருக்கு நான்தான் ஸ்டாண்டு.

மூன்று மணி நேரம் நின்றேன். கை மரத்துப்போனால் மறு கைக்கு மாற்றினேன். வந்து போனவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஒரு மாடு உட்பட. மாமா நாயின் நெஞ்சில் கையை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விலாவின் ஏற்ற இறக்கத்தை நானும் எண்ணிக்கொண்டே இருந்தேன். இது செத்துப்போனால் இந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. கேலி, அவமானம் எதுவும் அப்போது நினைவில் இல்லை.

மதியத்துக்குமேல் மேனேஜரின் வால் நுனி அசைந்தது. பிறகு தலையைத் தூக்கி மாமாவின் கையை நக்கியது. மெதுவாகத் திரும்பி, மேலே பாட்டிலோடு நிற்கும் என்னைப் பார்த்தது. பார்த்ததும் தலையை மாமாவின் அக்குளுக்குள் நுழைத்துக்கொண்டது.

"புத்தி தெளிஞ்சிருச்சு" என்றார் டாக்டரம்மா.

இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க அழைத்துவரச் சொன்னார். அப்போது பார்த்ததில் ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இருமல் எதனால் வந்தது என்று கேட்டோம். ராகி அடித்த களத்தில் படுத்துப் புரண்டதில் தூசி தொண்டையில் ஏறியிருக்கும், இன்னும் இரண்டு நாளில் தானாகவே போயிருக்கும் என்றார். எந்த மருந்தும் தேவைப்பட்டிருக்காதாம்.

முதல் நாள் மருத்துவமனையை விட்டு வெளியே வந்ததும்தான், நாய் விழுந்த பிறகு முதல்முறையாக மாமா என்னிடம் பேசினார். "காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கறீங்க மாப்ள. எதுனா சாப்பிடுங்க." அவ்வளவுதான். கையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது பல வருடங்களாகிவிட்டன. அதே கடையில்தான் இருக்கிறேன். 'வூட்டு நாய்க்கு இருமலுங்க, பசங்களுக்குக் குடுக்கற மருந்து ஒண்ணு குடுங்க' என்று மாதத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார்கள். கால்நடை டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுவேன். 'ஒரு மூடிதானே, என்ன ஆயிடும்?' என்று கேட்பவர்களுக்கு உட்கார நாற்காலி கொடுத்து முழுக் கதையையும் சொல்வேன்.

ஆனால் மாமனார் வீட்டில் என் முன்னால் இன்றுவரை யாரும் இருமுவதில்லை. பிரியா இதை ஒரு சட்டமாகவே போட்டுவிட்டாள். அவளுக்குக் கல்யாணமானபோது புது மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "எங்க மாமா இருக்கும்போது தொண்டையக்கூட செருமாதீங்க" என்று சொன்னாளாம். பாவம், அவர் என்னோடு பேசும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருப்பார்.

மாமாவுக்கு இது கேலி என்று தெரியுமா, அல்லது உண்மையாகவே பயப்படுகிறாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. போன வாரம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று படம் ஆடி, போன் புளியமரத்தைக் காட்டியது. தூரத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கண்ணில் தண்ணீர்.

"என்ன ஆச்சு மாமா?"

"ஒண்ணுமில்லீங்க மாப்ள. சிக்னலு கட்டாயிருச்சு."