மூணு லைட்டண்ணா தண்ணீர் குடிக்காத நாள்

வேலை முடிந்த பிறகும் வீட்டை விட்டுக் கிளம்பாத மெக்கானிக் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நாகலாபுரத்தில் இருந்தார். மற்ற ஊர்களில் நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறவரை வரவழைக்கத்தான் தவம் கிடப்பார்கள். நாங்கள் அவரை அனுப்பி வைக்கத் தவம் கிடந்தோம்.

பெயர் என்னவோ, யாருக்குத் தெரியும்! ஊருக்கே அவர் ‘மூணு லைட்டு’. ரூட்டரில் பவர், லைன், வைஃபை மூன்றும் பச்சையாக எரிகிறவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார். எரிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு, எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல அந்தப் பொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். நமக்குச் சோறு ஆறிப்போகும்.

எனக்கு அப்போது சென்னையில் வேலை, ஹாஸ்டல் வாசம். கணவருக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் ஷிப்ட். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு சனிக்கிழமை பஸ்ஸுக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். ஒரு சனிக்கிழமை நான் கையை நீட்டினேன். என் மகள் யாரோ என்று பயந்து மாமியார் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வேறொரு கம்பெனி வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னது. இண்டர்வியூவும் வீட்டிலிருந்தே. நடுவில் லைன் அறுந்தால் வேலை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மூணு லைட்டைக் கூப்பிட்டோம்.

வந்தவர் எங்கள் குடும்பத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆளுக்கொரு போனோடு சிக்னல் பார்க்க அறைக்கு அறை நிறுத்தி, ரூட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். சமையல்கட்டிலிருந்து மாமியார் “ரெண்டு கோடு!” என்று கத்த, மாடியிலிருந்து கணவர் “ஒண்ணுமே இல்ல!” என்று அலற, எதிர்வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்து ஓடி வந்துவிட்டார். கடைசியில் கூடத்து அலமாரிதான் சரி என்று முடிவாயிற்று.

பாஸ்வேர்டுக்கு மாமியார் சாமி பேர் சொன்னார்.

“வேணாங்கா. இந்த ஊர்ல பாதி வூட்டு பாஸ்வேர்டு வேதநாராயணர்தான். தெருவே உன் நெட்ட துன்னுடும். பொண்ணே எதுனா போட்டுக்கட்டும், எனக்கும் தெரிய வேணாம்” என்று சொல்லிவிட்டு, நான் டைப் அடித்து முடிக்கிறவரை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

இண்டர்வியூ அன்று வெள்ளிக்கிழமை; லீவு போட்டு வந்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்தால் நெட் இல்லை. அலமாரியைப் பார்த்தால் ரூட்டரும் இல்லை! மாமியார் குழந்தையோடு கோயிலுக்குப் போயிருந்தார். மூணு லைட்டுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, நெட்டு காணோம்!”

“லைட்டு எரியுதாம்மா?”

“ஐயோ, பொட்டியே காணோம்ணா!”

மனிதர் பைக்கில் பறந்து வந்தார். அலமாரியில் எவர்சில்வர் அண்டா ஒன்று கவிழ்ந்திருந்தது. நானும் பார்த்த அண்டாதான், ஏதோ பாத்திரம் என்று விட்டுவிட்டேன். அவர் அதன் அடியிலிருந்து வந்த ஒயரையும் பார்த்தார். தூக்கினால், உள்ளே மூன்று விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

“உள்ளயே எரிஞ்சிக்கினு கீதும்மா, பாவம்!”

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். “பக்கத்து வூட்டுக்காரி ஜன்னல்ல பாத்து, பச்ச பச்சயா இன்னா அழகா எரியுதுன்னா. கண்ணு பட்டுடாது? அதான் மூடினேன்” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூணு லைட்டு சிரிக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சைமிளகாயும் கேட்டு வாங்கி, நூலில் கோத்து அலமாரி ஆணியில் தொங்கவிட்டார்.

“அக்கா, அண்டா போட்டா கண்ணு உள்ள வராதுதான். நெட்டும் வெளிய வராதே! இது போதும்.” மாமியாருக்குப் பரம திருப்தி.

இண்டர்வியூ தொடங்கியது. மூணு லைட்டு வெளியே போய்விட்டார். பாதியில் தெருவில் ஹாரன் சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. வைக்கோல் ட்ராக்டர்! கம்பத்திலிருந்து தெருவைத் தாண்டி வரும் கேபிளை ஒவ்வொரு அறுப்புக்கும் அறுத்துக்கொண்டு போவது அதுதான்.

“தாரி விடு அன்னா!” என்று தெலுங்கில் வழி கேட்டு டிரைவர் கத்துகிறார்.

“ஆகு நைனா, ஆகு! உள்ள பொண்ணு இண்டர்வியூல கீது!” என்று மூணு லைட்டு வண்டியை நிறுத்துகிறார்.

திரையிலிருந்த அம்மாள் என்ன சத்தம் என்று கேட்டார். டிராஃபிக் என்றேன். எங்கள் தெருவில் டிராஃபிக் என்று ஒருத்தி சொன்னது சரித்திரத்திலேயே அன்றுதான்.

வேலை உறுதி என்று காதில் விழுந்ததும் வெளியே ஓடினேன். தெரு நடுவில் மூணு லைட்டு ஒரு துரட்டியால் கேபிளைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். வியர்வை சொட்டுகிறது. ட்ராக்டர் டிரைவரும் இறங்கி வந்து மறுபக்கம் ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் இண்டர்வியூ முடிகிறவரை மூணு லைட்டு வண்டியை நகரவிடவில்லை.

“உத்யோகம் ஒச்சிந்தா அம்மா?” என்று முதலில் கேட்டது டிரைவர்தான்.

“வந்துடுச்சிண்ணா!” என்று அழுதேவிட்டேன்.

வைக்கோல் போர் கேபிளுக்கு அடியில் பத்திரமாக ஊர்ந்து போனது. அதன் பிறகுதான் துரட்டியைக் கீழே வைத்தார். “ஒரு சொம்பு தண்ணி குடும்மா” என்றார். விளக்குகள் எப்போதோ எரியத் தொடங்கிவிட்டன. அன்று எனக்கு வேலை கிடைக்கிறவரை அவர் குடிக்கவில்லை.

இன்று என் மகள் தினமும் என்மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். மூணு லைட்டு திருப்பதிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

அண்ணா, எங்கள் வீட்டில் மூணும் எரிகிறது. ஒருநாள் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாருங்கள், சோறு ஆறினால் ஆறட்டும்.