கண்ணாடிக்கு முன் சில கேள்விகள்

என் விவரம் எதையும் இனி எவருக்கும் தருவதில்லை. நலத்திட்ட ஊழியர் செல்போனோடு வாசலில் வந்து நின்றபோது எடுத்த முடிவு இது. இலவச மூக்குக்கண்ணாடிக்கு வீடு வீடாகப் பதிவாம். பேர், வயசு, ஒரு போட்டோ. அவ்வளவுதான் கேட்டார்.

"தரமாட்டேன்மா. இன்னிக்கு வயசு கேப்பீங்க. நாளைக்கு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு கேப்பீங்க" என்றேன்.

உள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஊர்ல எல்லார் இடுப்பளவும் உங்ககிட்ட இருக்கு. உங்க வயசு மட்டும் ராஜரகசியமா?"

"தொழில் வேற, தன்மானம் வேற."

"சரிங்க" என்றாள். அவள் 'சரிங்க' என்றாலே நான் உஷாராகிவிடுவது வழக்கம். அன்று வீரம் கண்ணை மறைத்தது. அதற்கு முன்பே வயசு பாதியை மறைத்திருந்தது.

நான் தையல்காரன். போன வாரம் ஒருவருக்கு ஒரு கால் கணுக்காலிலும் மறு கால் முழங்காலிலும் நிற்கும்படி பேன்ட் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டே கடைக்கு வந்து சண்டை பிடித்தார். இன்னொரு பேன்ட் இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான். தன்மானத்தை மடித்து வைத்துவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் கண்ணாடி முகாமுக்குப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் திரையில் தெரிந்த என் கல்யாண போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏற்கெனவே பதிவாகியிருக்கே சார். குடும்பத் தலைவி உங்க மனைவி. நீங்க அவங்களைச் சார்ந்தவர். அவங்க போனுக்கு ஓடிபி போயிருக்கு, கேட்டுச் சொல்லுங்க."

மனைவிக்குப் போன் போட்டேன். கண் தெரியாமல் எதையோ அழுத்தினேன். ஸ்பீக்கர் அலறியது. அதை அணைக்கும் இடமும் தெரியவில்லை.

"ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு. நேத்து பேக்கரியில எத்தனை கேக் சாப்பிட்டீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"மூணு."

"தலைமுடி?"

"சாயம்தான்மா. நம்பரைச் சொல்லு."

"எங்கம்மா வந்தப்ப அவசர ஆர்டர்னு கடையிலயே கிடந்தீங்களே?"

"ஆர்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க கிளம்புற வரைக்கும் தூங்கினேன்."

எனக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த ஒரு பெரியம்மா தொண்டையைக் கனைத்தார். வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"கவலைப்படாதீங்க. உங்க விவரமெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நம்பரைச் சொன்னாள்.

கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு திரும்பினேன். முதன்முதலில் பளிச்சென்று தெரிந்தது, எனக்குப் பின்னால் நின்ற என் மாமியார்.