கம்முனுவின் கடையில் இருபத்து மூன்று கேள்விகள்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேகம் இருந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்டவனுக்கு அபராதம் போட்டுக் கடை நடத்தும் உலகத்தின் ஒரே மனிதரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், அவர் முதுகைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்க இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று.

மந்தைவெளியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு, எதிரில் டீக்கடை. போன், லேப்டாப், டார்ச் லைட், எது கெட்டாலும் அங்கே போகும். அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் யார் என்ன சொன்னாலும் "கம்முனு குந்து" என்பார். ஆகவே ஸ்டாண்டில் அவர் பெயர் கம்முனு. சுவரில் ஓர் அட்டை தொங்கியது: "ஒரு கேள்விக்கு ஒரு டீ. எனக்கு வேண்டாம். ஸ்டாண்டுக்கு."

அதை நான் படிக்கவில்லை. கண்ணாடியைப் பையில் வைத்திருந்தேன்.

நான் கொண்டுபோனது கையடக்கமான ஒரு கம்ப்யூட்டர். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மேலே திரை, கீழே சின்னச் சின்னப் பட்டன்கள். அன்று காலை ஆறு ஐம்பதுக்குச் சமையலறை மேடையில் அதை வைத்துவிட்டுத் திரும்பினேன். அலமாரியிலிருந்து இட்லிப் பானையின் மூடி நேராக அதன் மேல் விழுந்தது. திரையில் பதினோரு விரிசல். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பட்டனை அமுக்கினால் மட்டும் 'பீப்' என்றது.

"அதுலன்னா என் சுகரெல்லாம் இருக்கு!" என்றாள் என் மனைவி லலிதா.

அவள் சொன்னது சரி. ஆறு மாதத்துக்கு முன் அடையாறில் ஒரு டாக்டர், "வீட்டிலேயே தினம் ரெண்டு தடவை சர்க்கரை பார்த்து எழுதிக்கொண்டு வாங்க. அதைப் பார்த்துத்தான் மாத்திரையா, இன்சுலின் ஊசியா என்று சொல்வேன்" என்றிருந்தார். ரயில்வேயில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு இரண்டு போதவில்லை. நான்காக்கினேன். விரலில் குத்துவது அவள், எண்களை அந்தப் பெட்டியில் ஏற்றுவது நான். ஊருக்குப் போனதில் தவறியது ஐந்து போக, முந்தைய இரவு வரை எழுநூற்றுப் பத்தொன்பது குத்து. குத்திப் பார்க்கிற மீட்டர் கடைசி ஐம்பதைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டர்.

"நோட்டுல எழுதுங்கோன்னு தலைபாடா அடிச்சுண்டேன். கேட்டேளா?" என்றாள். பிறகு பத்து விரல்களையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "எழுநூத்து சொச்சம் தடவை குத்திண்டிருக்கேன். ஒண்ணு வீணாப் போச்சுன்னா பாருங்கோ."

தி. நகரில் இரண்டு பெரிய கடைகள் ஏறினேன். ஒன்றில் புதிய திரை வர ஆறு வாரம் என்றார்கள். இன்னொன்றில் அதைத் தொடவே இல்லை. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க அங்கிள்" என்றார்கள். வெளியே வந்து ஏறிய ஆட்டோவின் டிரைவர் சேகர்தான், "நம்ம கம்முனு கிட்ட போலாம் சார். செத்ததைக்கூட பேச வெப்பாரு. ஆனா நீ பேசாத" என்றார். அதை அறிவுரை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயத்தைச் சொல்லி முடித்து, அந்த முதுகிடம் கேட்டேன்: "இது சரியாகுமா?"

"ஒரு டீ," என்றார் சேகர், எதிர்க்கடையை நோக்கி.

"எனக்கு வேண்டாம். யாருக்கு டீ?"

"ரெண்டு."

"நான் எங்கே டீ கேட்டேன்?"

"மூணு!" ஸ்டாண்டிலிருந்த அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தேன். படித்ததால் பயன் ஒன்றும் இல்லை. கவலைப்படுகிறவனுக்கு வாய் தானாகத் திறக்கும். பதினொன்றே காலுக்குள் ஒன்பது டீ ஆகியிருந்தது.

அவரைப் பற்றி ஸ்டாண்டில் சொன்ன கதைகள் அதற்குள் என் காதில் ஏறின. கல்யாண போட்டோ எடுக்கிற ஒருவர் லேப்டாப்போடு வந்து பதினாறு கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் டீக்கடையிலேயே கணக்கு வைத்துக்கொண்டாராம். ஒரு வக்கீல் அம்மா உஷாராக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு டீ. "கண்ணால கேட்டாங்க" என்பது தீர்ப்பு. வக்கீலும் மேல்முறையீடு செய்யவில்லையாம். போன் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று வந்த ஒருவரிடம், "போன் நல்லா கீது. நீதான் அவசரமா கீற" என்று திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மற்றவர்களைக் கேட்கவிடாதவர் தாமும் எதையும் கேட்பதில்லை. "பாஸ்வேர்டு சொல்லு." "கைய எடு." "தள்ளி நில்லு." அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்கே பழகியது என்பதைச் சேகர் சொன்னார். கம்முனு பட்டினப்பாக்கத்துக்காரர். படகுகளில் வழி காட்டுகிற ஜிபிஎஸ் செட்டுகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். உப்புக் காற்றில் அந்தத் திரைகள் சீக்கிரம் போய்விடும். நடுக்கடலில் கண்ணாடி மாற்ற முடியாது. எந்தப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினால் கரைக்கு வழி எடுக்கும் என்று விரலால் எண்ணி, பீப் சத்தத்தைக் காதால் எண்ணி வந்து சேர வேண்டும். "அந்த நேரத்துல எவனாவது 'இன்னா நைனா, கரை வருமா'ன்னு கேட்டான்னு வெச்சுக்க, எண்ணிக்கை பூடும். அதான் இந்த டீ."

எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் வெங்காயத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது லலிதா எதையாவது கேட்டால் நானும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கம்முனு முதுகைக் காட்டியபடியே பேசினார். "மூஞ்சி பூட்ச்சு. ஆளு உள்ள நல்லா கீறான். அவன் கூட என் மிஷின்லேர்ந்து பேசிக்கிறேன்." அதாவது, உடைந்த திரையை விட்டுவிட்டு, அவர் கடைக் கம்ப்யூட்டரின் திரையில் என் பெட்டிக்குள் இருப்பதை வரவழைப்பது. வெளியிலிருந்து இப்படி உள்ளே வர முதலில் உள்ளேயிருந்து அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கொடுக்கத் திரை வேண்டும். திரைதான் இல்லை.

முதல் சிக்கல் வைஃபை. என் பெட்டிக்கு எங்கள் வீட்டு வைஃபையைத் தவிர வேறெதுவும் தெரியாது. கம்முனு தம் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு எங்கள் வீட்டு வைஃபையின் பெயரையே வைத்தார். பெட்டி ஏமாந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமாம். பாஸ்வேர்டும் அதே இருக்க வேண்டும்.

"பாஸ்வேர்டு சொல்லு."

ஆறு ஆட்டோ டிரைவர்கள் கையில் டீயோடு நின்றிருந்தார்கள். "காதில் சொல்லலாமா?" என்றேன்.

"பத்து," என்றார் சேகர்.

சொன்னேன். "லலிதா கோபம் பதினேழு. சேர்த்து எழுதணும்."

ஒருவருக்குப் புரையேறியது. பதினேழு என்பது அந்தப் பாஸ்வேர்டை வைத்த மாதத்தில் அவள் கோபித்துக்கொண்ட எண்ணிக்கை என்று விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம்.

"இப்ப எத்தினில கீது சார்?" என்றார் சேகர்.

"நீங்கள் கேட்டதற்கு யார் டீ வாங்குவது?"

"ஸ்டாண்டு கேள்விக்கு டீ இல்ல சார். உன்துக்குத்தான். பதினொண்ணு."

அதற்குள் அவர்களுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. ஒருவர் மூக்கை உறிஞ்சி, "இன்னாமோ தீயிற வாசனை வர்தே" என்பார், நான் பதறி "தீய்கிறதா?" என்பேன், இன்னொருவர் டீக்கடையை நோக்கிக் கையைத் தூக்குவார். சேகர் இதே தீய்ந்த வாசனையை மூன்று தடவை விற்றார். மூன்று தடவையும் வாங்கினேன்.

பதினொன்று ஐம்பதுக்கு லலிதா போன் செய்தாள். என் போனில் குரல் ஊருக்கே கேட்கும்.

"ஆச்சா? என்ன சொல்றா? சரியாயிடுமா? ஒண்ணும் போயிடலையே?"

சேகர் நான்கு விரல்களை மலர்ந்த முகத்தோடு உயர்த்தினார். முதுகு பேசியது: "அம்மாவுக்கு டீ கெடையாது. ஒடம்பு அவங்களுது." நான்கு விரல்களும் மடங்கின.

பிறகு பட்டன் வேலை தொடங்கியது. "பாஸ்வேர்டு போட்டாச்சு. செட்டிங்குக்குப் போற வழி சொல்லு," என்றார்.

"கீழ் அம்பு ஆறு, வலது ஒன்று, என்டர்" என்றேன்.

முதுகு அடுத்ததற்குப் போயிற்று. "வெளியேர்ந்து உள்ள வர்றதுக்கு அனுமதி குடுக்குற எடம்."

"அந்தப் பட்டியலில் ஒன்பதாவது. நான் அதைத் திறந்ததே இல்லை. ஆனால் எத்தனையாவது என்று தெரியும். மொத்தம் பதினான்கு இருக்கிறது."

"பெருசு நம்ம ஆளு," என்றார் கம்முனு, யாரிடமும் இல்லாமல்.

அந்தப் புகழ்ச்சியில் இரண்டு வினாடி மிதந்தேன். மூன்றாவது வினாடியில் பத்தாவது என்ன என்பது ஞாபகம் வந்தது. பத்தாவது: 'எல்லாவற்றையும் அழி.' ஒன்பதாவதும் 'நிச்சயமா?' என்று ஒரு முறை கேட்கும், பத்தாவதும் கேட்கும். இரண்டுக்கும் பதில் ஒரே பட்டன். திரையில்லாத பெட்டியில் இரண்டும் ஒரே பீப்.

சொன்னேன். ஸ்டாண்டில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றது. "எழுநூத்திச் சொச்சம் குத்துப்பா," என்றார் ஒருவர் மெதுவாக. அதன் பிறகு யாருக்கும் தீய்ந்த வாசனை வரவில்லை.

கம்முனு பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு அமுக்கினார். ஆறு பீப். ஒரு பீப். என்டர். அதற்குப் பின் யாரும் அமுக்காமலே ஒரு பீப். அவர் விரல் நின்றது. "சார்ஜு கம்மின்னு நடுவுல ஒரு நோட்டீஸ் வந்து குந்திகினு கீது. அத்த மொதல்ல அனுப்பணும்." இன்னொரு என்டர் கொடுத்து அனுப்பினார். நானாக இருந்திருந்தால் அந்த ஒரு பீப்பில் எண்ணிக்கை ஒன்று பிசகி, வேறெங்கோ போய் நின்றிருப்பேன்.

பட்டியல் திறந்தது. கீழ் அம்பு. ஒன்று, இரண்டு, மூன்று. என் உதடும் எண்ணியது. நான் சொன்னது 'ஒன்பதாவது'. அவர் ஒன்பது தடவை அமுக்கினால்? திறக்கும்போதே முதலாவதில்தான் நிற்கிறோம். எட்டு தடவை அமுக்கினால்தான் ஒன்பதாவது. ஒன்பது அமுக்கினால் பத்தாவது. ஆறு, ஏழு...

"நிறுத்து!" என்று கத்தினேன். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் யாரையும் நான் ஒருமையில் அதட்டியதில்லை.

அப்போதுதான் அவர் திரும்பினார். மணி பன்னிரண்டரை. ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த, கோபமே இல்லாத முகம்.

"ஒன்பதாவது என்றுதான் சொன்னேன்," என்றேன். "ஒன்பது தடவை என்று சொல்லவில்லை."

"எட்டுலதான் நிக்குறேன்," என்றார் அவர். "படகுல நிக்குற எடத்த எண்ண மாட்டோம். அங்கேர்ந்து போற தூரத்தத்தான் எண்ணுவோம்."

சேகர் தயங்கித் தயங்கி, "அண்ணே, 'நிறுத்து'ன்னாரே, அது கேள்வில சேருமா?" என்றார்.

"அது கேள்வி இல்ல. பயம். பயத்துக்கு டீ கெடையாது." திரும்பிக்கொண்டார். என்டர். இன்னொரு என்டர். ஒரு பீப்.

கடைக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஒன்றுமில்லை. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெரிய திரையில் என் சின்னத் திரை வந்தது. தேதி, நேரம், எண். தேதி, நேரம், எண். கடைசி வரிக்குப் போனோம். 719.

ஆறு பேரும் தலையை உள்ளே நீட்டினார்கள். "மார்ச் ஒன்பது, முந்நூத்திப் பன்னெண்டு," என்று சேகர் படித்தார். "அன்னிக்கு இன்னா சார், கல்யாணமா?"

"மச்சினர் பெண்ணுக்கு. ஜாங்கிரி."

"எத்தினி?"

"இரண்டு என்றாள். நான் எண்ணியது நான்கு."

கம்முனு அவ்வளவையும் அச்செடுத்துத் தந்தார்; பக்கத்துக்கு முப்பத்தெட்டு வரி, பத்தொன்பது பக்கம். பெட்டிக்குத் திரை மாற்ற வேண்டாம், இனி வீட்டு லேப்டாப்பிலிருந்தே இப்படித் திறந்து எழுதலாம் என்று வழியும் காட்டிக் கொடுத்தார். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

மறுநாள் டாக்டர் பத்தொன்பது பக்கத்தையும் புரட்டினார். "ஊசி வேண்டாம். இதே மாத்திரை போதும். இனிமேல் தினம் ரெண்டு தடவை பார்த்தால் போதும்" என்றார். லலிதா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "காதுல விழுந்துதா? ரெண்டு!"

வியாழக்கிழமை மந்தைவெளிக்குப் போனேன். ரிப்பேர் எதுவும் இல்லை, சும்மாதான். "கம்முனு குந்து," என்றது முதுகு. உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு, கையில் எடுத்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: "அம்மாவுக்கு ஊசி போடச் சொல்லிட்டாங்களா?"

"கேட்டுட்டாருப்பா!" என்று சேகர் அலறினார். "கம்முனு கேட்டுட்டாரு!"

"இல்லை," என்றேன். "மாத்திரையே போதுமாம்."

அவர் தலையாட்டினார். எழுந்து, சட்டைப் பையைத் தடவியபடி சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். ஒரே ஒரு டீயோடு திரும்பி வந்தார். ஸ்டாண்டுக்குக் கொடுக்கவில்லை, என் கையில் வைத்தார். "சக்கரை போடல," என்றார்.

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அதை அவரிடம் சொல்லவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அந்த டீயை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. மற்றபடி அவர் கூலி நூற்றைம்பது, அச்செடுத்ததற்கு முப்பத்தெட்டு, நான் கேட்ட கேள்விகள் இருபத்து மூன்றுக்கு டீ ஒன்று பன்னிரண்டு வீதம் இருநூற்று எழுபத்தாறு. ஆக மொத்தம் ரூபாய் நானூற்று அறுபத்து நான்கு.