மூக்கால் குடிக்கிறவர்

வாயால் குடிக்கிற மனிதர்களை எங்கும் பார்க்கலாம். மூக்கால் குடிக்கிற இனம் அண்மையில்தான் நம் மலைப்பக்கம் ஏறியிருக்கிறது. விடுமுறை விட்டால் போதும், இவர்களுக்குக் கோயில் இல்லை, அருவி இல்லை, சொந்தபந்தம் இல்லை. எந்த ஊரில் யார் சின்னதாகப் பியர் காய்ச்சுகிறார்கள் என்று கைபேசியில் துழாவி அந்த வாசலில் போய் நிற்பார்கள். கிளாஸ் வந்ததும் குடித்துவிடுவார்களா? அபசாரம்! வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, மூன்று சுற்றுச் சுழற்றி, நுனியில் நுரை ஒட்டும்வரை மூக்கை உள்ளே விட்டு, பக்கத்திலிருப்பவர் பதறும் அளவுக்குக் கண்ணை மூடியிருந்து, பிறகுதான் ஒரு மிடறு. அதற்குப் பிறகு பேச்சு. அதுதான் முழுப் போத்தல்.

ஜெயகுமார் இந்த இனம். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, இரண்டே வருடத்தில் நாக்கு நீண்டுபோனவர். அன்றைக்கு அவர் ஊருக்குக் கிளம்பியது பியருக்காக அல்ல. தங்கை பாக்கியலெட்சுமியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். போன வருடமே குத்தியிருக்க வேண்டியதை, அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதற்காகத் தங்கை தள்ளிப்போட்டிருந்தாள். பதினொன்றரை வரை நல்ல நேரம்.

அப்புத்தளை தாண்டும்போது ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. பழைய தேயிலை ஸ்டோரில் இப்போது பியர் காய்ச்சுகிறார்களாம்.

"ஸாஹிர், வேன ஓரங்கட்டுங்க. பத்தே நிமிசம்!" என்றார் டிரைவரிடம்.

"ஏங்க, புள்ளைய குளிப்பாட்டி உக்கார வச்சிருப்பாங்க," என்றாள் மனைவி நிரஞ்சலா.

"மணி பத்துதானே ஆகுது?"

மரத்தட்டில் ஐந்து குட்டிக் கிளாஸ்கள் வந்தன. முதலாவதில் எலுமிச்சைத் தோல் மணந்தது. இரண்டாவதில் மழையில் நனைந்த வைக்கோல். நனைந்த வைக்கோலை மாடே தொடாது, அது வேறு விஷயம். நடுவில் எழுந்து போய்ப் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தார், காய்ச்சுகிறவருக்குக் காய்ச்சுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். ஐந்தாவது கிளாஸில் அப்படியே உருகிவிட்டார்.

"புகை! அசல் வெறகுப் புகை! இதுக்காக எவ்வளவு தூரம் வேணுன்னாலும் வரலாம்!"

நிரஞ்சலாவின் கைபேசி ஐந்தாவது தடவையாக அடித்து ஓய்ந்தது.

பூனாகலையில் வேன் நின்றபோது மணி பன்னிரண்டரை. குழந்தை அழுது முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. காதில் இரண்டு பொட்டுத் தங்கம். மடி கொடுத்தவன் பெரியப்பா மகன் தினேஸ். அவனும் பாக்கியலெட்சுமிக்கு அண்ணன் முறைதானே. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாக்கியலெட்சுமி வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். பழகிப்போன கை கிளாஸைச் சுழற்றியது. மூக்கு உள்ளே போனது.

"என்னண்ணே, பொகை வாடை அடிக்குதா? வெறகடுப்புண்ணே."

நிரஞ்சலா சும்மா இருப்பாளா?

"உங்கண்ணன் இதே வாடையத்தான் ரெண்டு மணி நேரமா அப்புத்தளையில மோந்துக்கிட்டிருந்தாரு."

தங்கை சிரிக்கவில்லை. "அதுக்கு நேரா இங்க வந்திருக்கலாமேண்ணே," என்றாள். ஜெயகுமாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக முகராமல், பேசாமல், ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

நீங்கள் பியரைத் தொட்டதே இல்லையா? மகிழ்ச்சி. இதைப் படிக்கத் தொடங்கிய பிறகு வீட்டில் யாராவது உங்களைக் கூப்பிட்டார்களா? கண்ணை எடுக்காமலே "பத்தே நிமிசம்" என்றீர்களா? அப்படியானால் மூக்கைக் கொஞ்சம் துடைத்துக்கொள்ளுங்கள். நுனியில் நுரை இருக்கிறது.